செவியை மூடிவிட்டுக் கண்ணுக்கு எழுத்தா?

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், தமிழுணர்வு மிக்கவர் என்று ஊரார் மதிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வாயிலில் தூய தமிழ்ப் பெயர்ப்பலகை. கூடத்தில் திருவள்ளுவர் படம். பேழை நிறையத் தமிழ் நூல்கள். ஐந்து அகவையினளான அவருடைய பெயர்த்தி ஓடிவந்து, ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். ஆங்கிலப் பாட்டு ஒன்றும் பாடினாள். பாட்டனாரின் முகம் மலர்ந்தது.

நான் அக்குழந்தையை அருகில் அழைத்து, “‘பட்டம்’ என்று சொல், அம்மா. அந்தச் சொல் தொடங்கும்பொழுது என்ன ஓசை கேட்கிறது?” என்று கேட்டேன். குழந்தை சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, “பட்டம் மேலே பறக்கும், தாத்தா” என்றது. பிழை குழந்தையினுடையது அன்று. சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதை அஃது அறிந்திருந்தது. சொல்லுக்கு ஒலியும் உண்டு, அவ்வொலியைப் பிரித்துக் கேட்கலாம் என்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பின்னர்த் தாளில் ‘மி’ என்று எழுதிக் காட்டினேன். குழந்தை ‘ம, மா’ என்று வரிசையின் தலையிலிருந்து தொடங்கிப் பாடிக்கொண்டே வந்து ‘மி’யில் நின்றது. தனியே நின்ற எழுத்தை அதனால் அறிய இயலவில்லை. பாட்டின் நடுவே வைத்துத்தான் அறிய முடிந்தது. இதனைச் சுட்டிக் காட்டியபொழுது நம் அன்பர் சொன்ன விடைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. “அதனாலென்ன, ஐயா? தமிழ் நம் வீட்டு மொழி, தானே வரும். ஆங்கிலந்தான் முயன்று கற்பிக்க வேண்டியது” என்றார் அவர்.

தமிழ் தானே வருமாம்! தமிழுக்கு மாற்றார் இழைத்த தீங்கினும், ‘தானே வரும்’ என்னும் இந்த இரண்டு சொற்கள் இழைத்த தீங்கு பெரிது. பேச்சு தானே வரும். அது தாய்மடியின் கொடை. ஆனால் படிப்பு எந்த மொழியிலும் தானே வருவதில்லை. பேச்சு பிறவியோடு ஒட்டி வளர்வது. எழுத்து மாந்தன் படைத்துக்கொண்ட கருவி. கருவியைக் கையாளக் கற்பித்தல் வேண்டும். கற்பிக்காமலே வரும் என்று எண்ணுவோர், உழாமலே விளையும் என்று வரப்பில் படுத்திருக்கும் உழவரை ஒப்பர்.

ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு

படிப்பின் அடித்தளம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. இது பலர்க்கு வியப்பாக இருக்கலாம். ‘பட்டம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பொருள் நோக்கும் குழந்தைக்கு அஃது ஒரே சொல். கைதட்டிச் சொன்னால் ‘பட்–டம்’ என இரண்டு அசை. எழுதினால் ப, ட், ட, ம் என நான்கு எழுத்து. செவியைக் கூர்மையாக்கிக் கேட்டால் ப், அ, ட், ட், அ, ம் என ஆறு ஒலி. சொல்லிலிருந்து அசைக்கும், அசையிலிருந்து எழுத்துக்கும், எழுத்திலிருந்து தனி ஒலிக்கும் படிப்படியாக இறங்கும் இவ்வாற்றலையே இற்றைக் கல்வியறிஞர் ஒலியன் உணர்வு என்கின்றனர். இவ்வுணர்வு இல்லாத குழந்தைக்கு எழுத்து என்பது பொருளற்ற கோட்டு வளைவு. உள்ள குழந்தைக்கோ தான் முன்பே கேட்டறிந்த ஒலிக்கு இட்ட அடையாளம்.

இங்கேதான் தமிழ்க் குழந்தைக்கு ஒரு தனி இடர் இருக்கிறது. நம் உயிர்மெய், கண்ணுக்கு ஒரு வடிவம். காதுக்கு இரண்டு ஒலி. ‘கி’ என்பதில் ககர மெய்யும் இகர உயிரும் உள்ளன. இதைச் செவியால் உணராத குழந்தை க, கா, கி, கீ என்பவற்றை ஒன்றற்கொன்று தொடர்பற்ற தனித்தனி உருவங்களாகவே கருதி நெட்டுருப் போடுகிறது. 216 உயிர்மெய்களையும் 216 படங்களாக விழுங்க முயல்கிறது. விழுங்க மாட்டாமல் விக்குகிறது. பின் ‘தமிழ் கடினம், 247 எழுத்து’ என்று பெற்றோரே பழி சுமத்துகின்றனர். உயிர் 12, மெய் 18 என முப்பது ஒலிகளைச் செவியில் தெளிவாகப் பதித்து, மெய்யோடு உயிர் கூடும் முறையையும் உணர்த்திவிட்டால், 216 என்பது சுமையன்று, பெருக்கல் கணக்கு. பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கத் தெரிந்தவன் 216 எண்களை நெட்டுருப் போட வேண்டியதில்லை.

இஃது என் கற்பனையன்று. நம்மைப்போலவே உயிர்மெய் முறையில் எழுதும் கன்னடத்தைக் கற்கும் குழந்தைகளைப் பற்றி 2007இல் வெளியான ஓர் ஆய்வு, அசையைப் பிரித்தறியும் திறம் அவர்கட்கு முன்னதாகவே வந்துவிடுவதையும், தனி ஒலியைப் பிரித்தறியும் திறம் மெல்ல மெல்லவே வருவதையும், எழுத்துகள் அனைத்தையும் கற்று முடிக்கப் பல ஆண்டுகள் செல்வதையும் எடுத்துக்காட்டியது. தானே வருவதற்குக் காத்திருந்தால் எத்துணைக் காலம் வீணாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் முன்னோர் எங்கே தொடங்கினர்?

‘மேலைநாட்டார் சொல்லும் பயிற்சியை நாம் ஏன் கொணர்தல் வேண்டும்?’ என்று நம் இயக்க அன்பருள் சிலர் கேட்கலாம். பெயர் அவர்களுடையது, பொருள் நம்முடையது.

தொல்காப்பியர் தம் நூலை எழுத்ததிகாரத்தில் தொடங்கினார். அவர் எழுத்தென்று கூறியது முதன்மையாக ஒலியையே. பிறப்பியல் என ஓர் இயலையே அதற்கென ஒதுக்கி, உந்தியில் எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற, எவ்வெவ்வாறு வெவ்வேறு ஒலியாகப் பிறக்கிறது என்று நாவின் அசைவைக்கூட விடாமல் வகுத்துரைத்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று காலத்தை அளந்து, அவ்வளவை இயல்பான கண்ணிமைப்பாலும் விரல் நொடிப்பாலும் காட்டினார். உயிர் என்றும் மெய் என்றும் உயிர்மெய் என்றும் பெயரிட்ட அருமைதான் என்னே! ஒரு குழந்தைக்கு விளக்க இதனினும் எளிய உவமை எந்த மொழியிலக்கணத்தில் உண்டு?

மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவாக இராது. வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் இட்டது 18ஆம் நூற்றாண்டில்தான். அவ்வாறிருந்தும் நம் முன்னோர் அச்சுவடிகளைத் தடையின்றிப் படித்தனர். எவ்வாறு? செவி அறிந்திருந்தது, கண் விட்டதைக் காது நிரப்பிற்று. 1978இல் தமிழக அரசு பதின்மூன்று எழுத்துகளின் வரிவடிவத்தை மாற்றியபொழுதும் மாறியது கோடேயன்றி ஒலியன்று.

ஆயினும், பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிடின் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்பவராவோம். தொல்காப்பியம் புலவர்க்கு எழுந்த நூல். அதனை நான்கு அகவைக் குழந்தையின் விளையாட்டாக மாற்றித் தரவேண்டிய கடமை நம்முடையது. அதை நாம் செய்தோமா? மேடையில் முழங்கினோம், மாநாடு கூட்டினோம், வடசொல் களைந்தோம், வடவெழுத்தை விலக்கினோம். அனைத்தும் வேண்டுவனவே. ஆனால் நாள்தோறும் பத்து மணித்துளி ஒரு குழந்தையை மடியில் அமர்த்தி, லகர ளகர ழகரங்களைக் கேட்பித்தோமா? தூய சொற்களைத் தேடித் தேடி அடுக்கிய நாம், அச்சொற்களைப் படிக்கும் அடுத்த தலைமுறையை ஆக்கத் தவறினால், அவை யாருக்கு?

ஆங்கிலம் முந்த வேண்டும் என்பார்க்கு

மூன்று அகவையில் ஆங்கில எழுத்தைத் திணிக்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியோ ஏறத்தாழ 44. ஓர் எழுத்துக்குப் பல ஒலி. ஓர் ஒலிக்குப் பல எழுத்து. ஒலியே இல்லாத எழுத்தும் உண்டு. ஆங்கிலேயர் தம் குழந்தைகட்கே அதனைக் கற்பிக்க அரும்பாடு படுகின்றனர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வில், முதலாண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் பெரும்பாலான நாட்டுக் குழந்தைகள் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் பிழையின்றிப் படித்தனர்; பின்லாந்துக் குழந்தைகள் 98 படித்தனர்; ஆங்கிலம் கற்ற சுகாட்லாந்துக் குழந்தைகள் படித்தவை 34 மட்டுமே! குழந்தைகள் மடவரா? இல்லை, ஒலிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள கோணலே அதன் பெரும் கரணியம்.

ஒலிக்கும் எழுத்துக்கும் பெரிதும் நேர்மை உடைய தமிழை வைத்துக்கொண்டு, அக்கோணல் வழியிலேயே நம் குழந்தையின் முதலடியை எடுத்து வைக்கச் செய்வது என்ன அறிவுடைமை? நீச்சல் பழக்குவார் முதலில் இறக்குவது படித்துறையிலா, சுழியிலா?

ஆங்கிலமே வேண்டும் என்பார்க்கும் தாய்மொழிச் செவிப்பயிற்சியே நல்வழி. அமெரிக்காவில் எசுப்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளைப் பற்றி 1993இல் வெளியான ஆய்வு, தாய்மொழியில் ஒலிகளைப் பிரித்தறிய வல்ல குழந்தைகளே ஆங்கிலச் சொற்களையும் நன்கு படித்தனர் என்று காட்டிற்று. ஒருமுறை கூர்மையான செவி எம்மொழிக்கும் உதவும். ஆகவே, தமிழ் முந்தினால் ஆங்கிலம் கெடும் என்பது வெற்றச்சம்.

அதே வேளையில், ஆங்கிலத்துக்கென அமைந்த ஒலிப்பயிற்சி ஏடுகளை அப்படியே தமிழுக்குப் பெயர்த்து விற்கும் கடைச்சரக்கையும் நாம் நம்பலாகாது. ‘கல்’, ‘அகம்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் ஒன்றே. நிற்கும் இடத்தால் ஒலி வலித்தும் மெலிந்தும் வருகிறது. தமிழ்க்குழந்தை இதனைக் கற்பியாமலே இயல்பாகப் பேசுகிறது. ஆங்கிலப் பழக்கத்தால், ‘மெலிந்த ககரத்துக்கு வேறெழுத்து எங்கே?’ என்று கேட்கும்படி அதனைக் குழப்புவானேன்? தமிழ் ஒலிக்குத் தமிழ் ஒழுங்கே அளவுகோல்.

சட்டம் செவி திறவாது

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழை ஒரு கட்டாயப் பாடமாக்கிற்று. நன்று. ஆனால் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றன. 2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2381 அங்கன்வாடி நடுவங்களில் மழலையர் வகுப்புகள் திறக்கப்பெற்றன. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம், எட்டு அகவைக்குள் குழந்தைகள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்னும் நோக்குடன் தொடங்கிற்று. நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் எந்தச் சட்டமும் எந்தத் திட்டமும் வீட்டுக்குள் வந்து குழந்தையின் செவியைத் திறவா. எழுத்து பள்ளியில் தொடங்கலாம். ஒலி வீட்டில் தொடங்குவது. தாயும் தந்தையும் பாட்டியும் பாட்டனும் வாளாவிருப்பின், ஆசிரியர் ஒருவர் முப்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

செய்யத்தக்கன

பொருட்செலவு வேண்டா, பொறி வேண்டா, கைப்பேசி வேண்டவே வேண்டா. நாவும் செவியும் பத்து மணித்துளியும் போதும். அமெரிக்க மன்றத்தாரின் வேண்டுகோளால் அமைந்த படிப்பாய்வுக் குழு 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில், இப்பயிற்சியைக் கற்பிக்க முடியும் என்றும், அது படிப்புக்குத் துணைசெய்கிறது என்றும், எழுத்தோடு சேர்த்துப் பயிற்றினால் பயன் மிகும் என்றும், மொத்தம் ஐந்து முதல் பதினெட்டு மணிநேரம் அளவினதாக அமைந்த பயிற்சிகளே மிகுந்த பயன் தந்தன என்றும் கண்டனர். நாளுக்குப் பத்து மணித்துளி என்றால் மூன்று நான்கு திங்களில் முடியும் வேலை இது!

முதலாவது, அசை. குழந்தையின் பெயரையும், உண்ணும் பொருள்களின் பெயரையும் கைதட்டிச் சொல்லுங்கள். மாம்–பழம், தேங்–காய், வெண்–டைக்–காய். எத்தனை தட்டு என்று குழந்தையே எண்ணட்டும்.

இரண்டாவது, முதலொலி. ‘பந்து, பட்டம், மரம்: எது இக்கூட்டத்தில் சேராதது?’ என்று கேளுங்கள். இது மோனை. ‘வட்டம், கட்டம், பட்டம்’ என ஒத்தொலிக்கும் சொற்களை அடுக்கச் சொல்லுங்கள். இஃது எதுகை. புலவர்க்குரியது என நாம் ஒதுக்கி வைத்த இரண்டும் குழந்தைக்குரிய விளையாட்டுகள் என்பதைக் காண்பீர்கள்.

மூன்றாவது, அளவு. ‘கல்–கால், படு–பாடு, எடு–ஏடு, கொடு–கோடு.’ குறிலுக்கு ஒரு நொடிப்பு, நெடிலுக்கு இரண்டு. விரல் நொடிக்க நொடிக்கக் குறில் நெடிலின் வேறுபாடு குழந்தையின் உடம்பிலேயே பதியும்.

நான்காவது, கூட்டல். ‘வ்... ஆ... ல்’ என்று மெல்லச் சொல்லி, ‘இஃது என்ன சொல்?’ என்று கேளுங்கள். ‘வால்!’ என்று துள்ளும். நடுவிலுள்ள உயிரை மாற்றினால் ‘வில்’, ‘வேல்’. இங்கே ஒரு கருத்து: மெய்யை ‘இக், இங், இச்’ என்று பெயர் சொல்லிக் கற்பிக்கிறோம். அது பெயரேயன்றி ஒலியன்று. கூட்டும்பொழுது முன்னிற்கும் இகரத்தை நீக்கிச் சொல்லாவிடின் குழந்தை குழம்பும்.

ஐந்தாவது, கழித்தல். ‘அகல்’ என்பதில் அகரத்தை எடுத்தால் ‘கல்’. ‘கரும்பு’ என்பதில் நடுவிலுள்ள ‘ரு’வை எடுத்தால் ‘கம்பு’. ‘குதிரை’யின் தலையை எடுத்தால் ‘திரை’. இடையை எடுத்தால் ‘குரை’. கடையை எடுத்தால் ‘குதி’! நம் பாட்டிமார் விடுகதையாகப் போட்டவை இவை. ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ககரம் சேர்த்துச் சிறுவர் பேசும் கமுக்கப் பேச்சும் இத்தகையதே. அதை ‘வீண் விளையாட்டு’ என்று கடிந்தோமே, அந்தோ!

ஆறாவது, இன ஒலிகள். ‘வலி, வளி, வழி’, ‘அரை, அறை’, ‘மனம், மணம்’. லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு நா வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு வளையும், அழுந்தத் தொடாது. கண்ணாடி முன் நின்று இருவரும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். முதலில் கேட்டறிதல், பின்பே பலுக்கல். நாப்பழக்கம் முதிரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் குழந்தையை எள்ளுவதும் அதட்டுவதும் கொடுமை. பலமுறை சொல்லியும் வேறுபாடு கேளாத குழந்தைக்குச் செவிக்குறை உண்டா என மருத்துவரிடம் காட்டுக.

ஏழாவது, எழுத்து. செவி விழித்த பின் ப, ம, ட, ர என்னும் நான்கையும் ம், ட் என்னும் இரண்டு புள்ளியெழுத்துகளையும் காட்டினால் போதும். படம், மடம், மரம், பட்டம், மட்டம் என்று குழந்தை முதற்கிழமையிலேயே தானாகப் படித்துவிடும். படத்தைப் பார்த்துச் சொல்வது படிப்பன்று. படத்தை மூடியபின் சொல்வதே படிப்பு.

இவை அனைத்தோடும் நாளுக்கொரு கதையை நல்ல தமிழில் படித்துக் காட்டுக. வீட்டில் ‘பல்லு’ என்று கேட்ட குழந்தை ஏட்டில் ‘பல்’ என்று கண்டு மயங்குகிறது. ‘வந்தாங்க’ என்று பேசும் குழந்தை ‘வந்தார்கள்’ என்பதை அயல்மொழி போல நோக்குகிறது. ஏட்டுத் தமிழ் முன்பே காதில் விழுந்திருந்தால் இம்மயக்கம் எழாது. செந்தமிழை வீட்டுக்குள் புழங்குக என்று நாம் கூறிவருவது வெறும் பற்றினால் மட்டுமன்று. குழந்தையின் படிப்புக்கே அஃது உரமாதலின்.

தமிழன்பர்களே! மொழி அழிவது பகைவன் வாளால் மட்டுமன்று. படிக்க மாட்டாத பிள்ளையின் சலிப்பாலும் அழியும். ஏட்டைத் திறந்தவுடன் திணறும் குழந்தை அதனை வெறுக்கும். வெறுத்தது வளர்ந்து விலகும். விலகியது தன் பிள்ளைக்குத் தமிழைத் தராது. இச்சங்கிலியின் முதற்கண்ணி நம் மடியில் இருக்கிறது.

நம் அன்பரின் இல்லத்திலிருந்து புறப்படும்பொழுது, பெயர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ‘குதிரை’யின் தலையை எடுக்கச் சொன்னேன். சற்றே விழித்த குழந்தை, பின் ‘திரை!’ என்று கூவிச் சிரித்தது. இடையையும் எடுக்கட்டுமா என்று தானே கேட்டது. பாட்டனார் அமைதியாக அருகில் வந்து அமர்ந்தார். தானே வந்தது தமிழன்று. கேட்டால் வருவது தமிழ்.

இன்றே தொடங்குக. செவி திறக்கட்டும், எழுத்து தொடரும்!